ஒரு சேர்வர் நின்றதும் மற்றதும் ஏன் நின்றது?

திருகோணமலையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்களிடம் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரு சேர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் மென்பொருள்) நிறுவிய இரண்டு சேர்வர்கள் இருக்கின்றன. இரண்டையும் கிளஸ்டராக (ஒரே குழுவாக) இணைத்து, முக்கியமான மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாவற்றையும் எச்.ஏ. (ஒரு சேர்வர் விழுந்தால் அதன் இயந்திரங்களை மற்றதில் தானாகத் தொடங்கும் வசதி) பட்டியலில் சேர்த்துவிட்டோம். சோதித்துப் பார்க்க ஒரு சேர்வரின் மின்வயரைப் பிடுங்கினேன். மற்றது எல்லாவற்றையும் எடுத்து ஓட்டும் என்று காத்திருந்தால், ஒரு நிமிடத்தில் அதுவும் தானாக ரீபூட் ஆகிவிட்டது. எழும்பிய பிறகும் ஒன்றைக்கூடத் தொடங்கவில்லை. எங்கே பிழை விட்டோம்?"

தம்பி, உங்கள் இரண்டாவது சேர்வர் செய்தது சரி. அதற்கு வேறு வழி கொடுக்காமல் விட்டதுதான் பிழை.

அந்த ஒரு நிமிடத்தை அந்தச் சேர்வரின் இடத்தில் இருந்து பாருங்கள். முதலாவது சேர்வரிடமிருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருந்த "நான் இருக்கிறேன்" என்ற செய்தி திடீரென்று நின்றுவிட்டது. மின்சாரம் போய் அது விழுந்துவிட்டதா? அல்லது அது நன்றாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் கேபிள் மட்டும் கழன்றுவிட்டதா? உள்ளிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கேபிள்தான் கழன்றது என்றால், நோயாளர் பதிவேடு இருக்கும் இயந்திரம் அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதையே இந்தப் பக்கமும் தொடங்கினால், ஒரே பதிவேட்டை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதத் தொடங்குவார்கள். சேவை ஒரு மணி நேரம் நிற்பதைவிட இது பல மடங்கு கொடியது.

இதைத் தடுக்கத்தான் வாக்கு வைத்திருக்கிறார்கள். நகரசபையில் கூட்ட நடப்பெண், அதாவது முடிவெடுக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் இருக்கிறார்களா என்று, பார்ப்பதைப் போன்றதுதான். புரொக்ஸ்மொக்ஸில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு வாக்கு. மொத்தத்தில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் மட்டுமே முடிவெடுக்கலாம். இரண்டு வாக்கில் பாதிக்கு மேல் என்றால் இரண்டும் வேண்டும். ஆகவே ஒன்று விழுந்ததும் மிஞ்சியதன் அதிகாரமும் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. எச்.ஏ. பட்டியலில் உள்ள இயந்திரங்களை ஓட்டும் ஒவ்வொரு சேர்வரிலும் வாட்ச்டொக் என்ற காவல் கடிகாரம் ஓடுகிறது. பெரும்பான்மை இழந்த சேர்வர் அந்தக் கடிகாரத்தைப் புதுப்பிக்க முடியாது. 60 செக்கன் கழிந்ததும் கடிகாரம் சேர்வரை ரீபூட் செய்துவிடும். "எதிர்ப்பக்கத்தில் பெரும்பான்மை இருக்கக்கூடும், அவர்கள் என் இயந்திரங்களைத் தொடங்குவதற்குள் நான் கையை எடுத்துவிட வேண்டும்" என்பதுதான் அதன் கணக்கு. ஃபென்சிங் என்கிறார்கள், அதாவது வேலி போடுவது. எழும்பிய பிறகும் பெரும்பான்மை இல்லாததால் ஒன்றையும் தொடங்காமல் இருந்தது. நீங்கள் கண்டது முழுவதும் இவ்வளவுதான்.

எச்.ஏ. என்றால் ஒன்று விழுந்தால் மற்றது தூக்கும் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூக்குவது சுலபம். விழுந்தது உண்மையிலேயே விழுந்துவிட்டது என்று உறுதிப்படுத்துவதுதான் கடினம். கிளஸ்டரில் நீங்கள் வாங்குகிற, இணைக்கிற பொருட்களில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பதற்காகத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு நிறுவனத்தில் இரண்டு சேர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கீழ்த்தளத்தில், மற்றது இரண்டாம் மாடியில். தரவு முழுவதும் இரண்டுக்கும் பொதுவான ஒரு சேமிப்புப் பெட்டியில், அதற்கென்று தனி வலையமைப்பு. எச்.ஏ. போடவில்லை, விழுந்தால் கையால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தோம். மார்கழி மழை இரவு ஒன்றில் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தால் திரையில் மாடிச் சேர்வரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. விழுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஒரு வாக்கே போதும் என்று கீழ்ச் சேர்வருக்குக் கட்டளை கொடுத்தேன், கணக்குப் பதிவு இருந்த மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்புக் கோப்பை இந்தப் பக்கம் நகர்த்தினேன், தொடங்கினேன். அழகாகத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்து, விழுந்ததற்குக் காரணம் பார்ப்போம் என்று மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் விசிறிச் சத்தம். முன்பக்கத்துப் பச்சை விளக்குகள் வழக்கம்போல் மின்னிக்கொண்டிருந்தன. சேர்வருக்கு ஒன்றும் இல்லை. நிர்வாக வலையமைப்பின் சுவிட்ச் ஒன்று மட்டும் செத்திருந்தது. சேமிப்பு வலையமைப்பு தனி என்பதால் அந்தச் சேர்வர் அத்தனை நேரமும் அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. தரவுத்தளம் சிதைந்துவிட்டது. முந்தைய இரவின் காப்புப்பிரதியைத்தான் மீட்டோம். ஒரு பகல் முழுவதும் பதிந்த கணக்கை அங்கிருந்த பிள்ளைகள் பற்றுச்சீட்டு பற்றுச்சீட்டாகத் திரும்பப் பதிந்தார்கள். அந்த இரவில் படியேற எனக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம். உங்கள் சேர்வர் காத்திருந்ததும் அதே ஒரு நிமிடம்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தேவை மூன்றாவது வாக்கு. மூன்றாவது முழுச் சேர்வர் வாங்கப் பணிப்பாளர் சம்மதித்தால் மிக நல்லது; எச்.ஏ.க்கு மூன்று சேர்வர் என்பதுதான் புரொக்ஸ்மொக்ஸ்காரர்கள் சொல்லும் அடிப்படை. சம்மதிக்காவிட்டால் கியூடிவைஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளம் ஓடுகிற ஏதாவது ஒரு சின்னக் கணினி போதும். ராஸ்பெரி பை பலகையிலும் ஓடும், பழைய அலுவலகக் கணினியிலும் ஓடும். அது எந்த இயந்திரத்தையும் ஓட்டாது, தரவு எதையும் வைத்திருக்காது. வாக்கு மட்டும் போடும். ஒரு சேர்வர் விழுந்தால் மிஞ்சியதும் இந்தச் சின்னப் பெட்டியும் சேர்ந்து மூன்றில் இரண்டு. இரண்டு சேர்வரும் உயிரோடு இருந்து இடையில் தொடர்பு மட்டும் அறுந்தால், பெட்டி தன் வாக்கை ஒரு பக்கத்துக்கு மட்டுமே கொடுக்கும். மற்றது தானாக ஒதுங்கிவிடும்.

இந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே கிளஸ்டருக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக அதை ஓட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இயந்திரம் இருக்கும் சேர்வர் விழுந்தால், மூன்றாவது வாக்குப் போட வேண்டிய சாட்சியும் கூடவே விழுந்துவிடும். அதே அலுமாரியில், அதே யூ.பி.எஸ்.ஸில் வைப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். சேர்வர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு 5 மில்லிசெக்கனுக்குக் குறைந்த தாமதம் வேண்டும், ஆகவே அவற்றை ஊர் ஊராகப் பிரித்து வைக்க முடியாது. ஆனால் கியூடிவைஸ் அவ்வளவு கண்டிப்பு பார்க்காது. உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ உங்கள் கிளை ஒன்று இருந்தால், பாதுகாப்பான இணைப்பு வழியாக அங்கேயே வைக்கலாம்.

(இதே வேலையைச் செய்யும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை பிரோட்கொம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு உரிமக் கட்டணத்துக்குப் பயந்து பலர் புரொக்ஸ்மொக்ஸுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே இருந்தபோது இந்த வாக்குக் கணக்கைப் பற்றி யோசிக்கத் தேவையிருக்கவில்லை என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். யோசிக்காமல் இருந்தது அவர்கள்தான். கணக்கு அங்கேயும் வேறு உருவில் இருந்தது. மைக்ரோசொஃப்ட்டின் ஹைப்பர்-வி கிளஸ்டரிலும் சாட்சி என்றே ஒன்றை வைக்கச் சொல்கிறார்கள்.)

மூன்றாவது வாக்கு கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நெட்வேர்க் சுவிட்ச்சின் மின்வயர் எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நம்முடைய ஊரில் நான் பார்த்த கிளஸ்டர் கோளாறுகளில் அதிகமானவை இந்த வயரில்தான் முடிந்திருக்கின்றன. சேர்வர் விலை உயர்ந்தது, ஆகவே அதை யூ.பி.எஸ்.ஸில் போடுகிறார்கள். சுவிட்ச் சின்னப் பெட்டி; அதைச் சுவரில் இருக்கும் பிளக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போகிறது. மின்பிறப்பாக்கி பிடிக்க அரை நிமிடம் ஆகலாம். சுவிட்ச் மறுபடி எழும்பி வேலைக்கு வர இன்னும் ஒன்றிரண்டு நிமிடம். காவல் கடிகாரம் பொறுப்பது 60 செக்கன்தான். இரண்டு சேர்வருக்கும் யூ.பி.எஸ்.ஸில் போதிய மின்சாரம் இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை, சாட்சியின் குரலும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ரீபூட் ஆகின்றன. எச்.ஏ. இல்லாதிருந்தால் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோதும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் தீவு முழுவதும் இருண்டபோதும், இப்படி வந்த அழைப்புகளில் முதலில் நான் கேட்டது சுவிட்ச் எதில் இருக்கிறது என்றுதான்.

இதற்கு மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. இரண்டு சேர்வர்களுக்கும் இடையில் சுவிட்ச்சே இல்லாமல் நேரடியாக ஒரு கேபிள் போட்டுவிடுங்கள். சேர்வர்கள் பேசிக்கொள்ள உதவும் கொரோசிங்க் என்ற மென்பொருளுக்கு அதை முதல் பாதையாகவும், சுவிட்ச் வழியை இரண்டாவது பாதையாகவும் கொடுங்கள். சுவிட்ச் செத்தாலும் இரண்டு சேர்வரும் ஒன்றையொன்று காணும். மூன்றில் இரண்டு வாக்கு கையில் இருக்கும். ஒன்றும் ரீபூட் ஆகாது. அந்த நேரடிக் கேபிளில் காப்புப்பிரதியையோ தரவு நகலையோ ஓட்டாதீர்கள். பெரிய கோப்புகள் பாதையை அடைத்துக்கொண்டால் "நான் இருக்கிறேன்" என்ற சின்னச் செய்தி தாமதமாகும், அது போதும் சேர்வர் விழ. காப்புப்பிரதி ஓடுகிற நேரத்தில் மட்டும் ரீபூட் ஆகிற கிளஸ்டர் என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் சேர்வர்களில் நான்கு வலையமைப்புத் துளைகள் இருந்தால் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

மின்சாரத்தையும் அப்படியே பிரியுங்கள். இரண்டு யூ.பி.எஸ்., ஒவ்வொரு சேர்வரிலும் இரண்டு மின்வழங்கி இருந்தால் ஒன்று இதிலும் மற்றது அதிலும். இன்னொன்று, கடற்காற்று. உங்கள் கட்டடம் கடற்கரைப் பக்கம் என்றால் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து கேபிள் முனைகளை அரிக்கும். முனை பச்சை பிடித்தால் தொடர்பு முழுதாக அறுவதில்லை. வரும், போகும், மறுபடி வரும். கிளஸ்டருக்கு அதுதான் மிக மோசமான நோய். கார்த்திகைக்கு முன் முனைகளைக் கழற்றிப் பார்த்து, நிறம் மாறியதை மாற்றிவிடுவது என் வழக்கம்.

அடுத்தது தரவு. இயந்திரத்தை மற்றப் பக்கத்தில் தொடங்க வேண்டுமானால் அதன் டிஸ்க் அங்கேயும் இருக்க வேண்டும். செஃப் என்ற பொதுச் சேமிப்பு மிக நல்லது, ஆனால் அது மூன்று சேர்வரிலிருந்துதான் தொடங்குகிறது. தனிச் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி இரண்டுக்கும் நடுவில் வைத்தால், இரண்டு சேர்வரின் உயிரும் அந்த ஒரு பெட்டியில் தொங்கும். உங்களுக்குப் பொருத்தமானது இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையின் நகல்முறை: ஒவ்வொரு சேர்வரும் தன் டிஸ்க்கின் மாற்றங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் மற்றதற்கு அனுப்பும். இயல்பான இடைவெளி 15 நிமிடம். ஒரு நிமிடம் வரை குறைக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பணிப்பாளரிடம் இப்போதே, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இடைவெளி 15 நிமிடம் என்றால், சேர்வர் விழும்போது கடைசி 15 நிமிடத்தில் பதிந்தவை போகலாம். கட்டணச் சீட்டுப் போனால் திரும்பப் பதியலாம். ஆய்வுகூடத்தில் ஒருவருடைய இரத்தச் சர்க்கரை முடிவு 10.40க்குப் பதியப்பட்டு, 10.45க்குச் சேர்வர் விழுந்து, 10.47க்கு மற்றப் பக்கத்தில் 10.30 நிலையோடு எழும்பினால்? முடிவு பதியப்பட்டதாக ஆய்வுகூடத்துப் பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பார். வைத்தியரின் திரையில் அது இருக்காது. காணாமல் போனது யாருக்கும் தெரியாது. ஆகவே மற்ற இயந்திரங்களுக்கு 15 நிமிடம் இருக்கட்டும். ஆய்வுகூடத் தரவுத்தளத்தை மட்டும் எச்.ஏ.யின் கையில் விடாதீர்கள். ஒவ்வொரு சேர்வரிலும் ஒரு தரவுத்தள இயந்திரத்தை வைத்து, தரவுத்தளத்தின் சொந்த நகல்முறையைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒத்திசைவு நகல் என்று இருக்கிறது: மற்றப் பக்கமும் எழுதி முடித்த பிறகுதான் "பதிந்தாயிற்று" என்று சொல்லும். அதற்கும் விலை உண்டு, மற்றது விழுந்திருக்கும்போது எழுதுவது நின்று காத்திருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நானாக இருந்தால் மருத்துவத் தரவுக்கு அந்த விலையைக் கொடுப்பேன்.

நினைவகக் கணக்கு சிறியது. இரண்டு சேர்வர் என்றால் ஒன்று தனியாக எல்லாவற்றையும் சுமக்க வேண்டும், ஆகவே இரண்டிலும் சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மூன்று என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இசட்.எஃப்.எஸ். தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நினைவகத்தையும் கழித்துவிட்டே கணக்கிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு இயந்திரம் மட்டும் மற்றப் பக்கத்தில் தொடங்க மறுக்கிறது என்றால், அதன் சி.டி. இயக்கியைப் பாருங்கள். விண்டோஸ் நிறுவியபோது இணைத்த ஐ.எஸ்.ஓ. கோப்பு (சி.டி. ஒன்றின் கோப்பு வடிவம்) இன்னும் அங்கேயே இருக்கும். அந்தக் கோப்பு முதலாவது சேர்வரின் டிஸ்க்கில் மட்டுமே இருப்பதால் இரண்டாவதில் இயந்திரம் தொடங்காது. ஒரு வருடத்துக்கு முன் கழற்ற மறந்த ஒரு கோப்பு, தேவைப்படுகிற இரவில் வழியை மறிக்கும். உங்கள் இடத்தில் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறேன்: ஆய்வுகூடப் பரிசோதனைக் கருவியின் சீரியல் கேபிளோ, மென்பொருள் உரிமத்தின் யூ.எஸ்.பி. சாவியோ ஒரு சேர்வரின் பின்பக்கத்தில் நேரடியாகச் செருகியிருக்கும். இயந்திரம் இடம் மாறினாலும் அந்தச் சாவி கூடப் போகாது. சீரியலையும் யூ.எஸ்.பி.யையும் வலையமைப்பு வழியாகக் கொடுக்கும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன, அவற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

சேர்வர் பலகையில் தொலைமேலாண்மைச் சில்லு இருந்தால், மென்பொருள் வாட்ச்டொக்குக்குப் பதிலாக அந்த வன்பொருள் வாட்ச்டொக்கைப் பயன்படுத்துங்கள். இயக்குதளமே உறைந்துபோனாலும் அது எண்ணிக்கொண்டிருக்கும்.

எச்.ஏ. பார்ப்பது இயந்திரம் ஓடுகிறதா என்பதை மட்டும். உள்ளே விண்டோஸ் நீலத்திரையில் நின்றாலும், தரவுத்தளம் இறுகிப்போனாலும் அதன் கணக்கில் எல்லாம் நலமே. அதற்கு சாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு வேறாக வேண்டும். காப்புப்பிரதிக்கும் இது மாற்று ஆகாது. யாராவது தவறுதலாக ஒரு நோயாளர் பட்டியலை அழித்தால் அந்த அழிப்பும் விசுவாசமாக நகலாகும். 2004 டிசெம்பர் 26ஐக் கண்ட ஊர் நம்முடையது. 2020 டிசெம்பரில் புரெவி புயல் கரையேறியதும் இந்தப் பக்கத்தில்தான். ஒரே கட்டடத்தில் எத்தனை சேர்வர் வைத்தாலும் அது ஒரே கட்டடம். தினமும் ஒரு காப்புப்பிரதி கண்டிக்கோ வவுனியாவுக்கோ, கடலிலிருந்து தள்ளி எங்காவது போகட்டும்.

சோதனையை ஒரு போயா நாளில், நோயாளர் குறைந்த நேரத்தில் வையுங்கள். முறையாக ஷட்டவுன் கொடுப்பது சோதனை ஆகாது. அப்போது சேர்வர் சொல்லிக்கொண்டு போகிறது, யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. முதலில் ஒரு சேர்வரின் வலையமைப்புக் கேபிள்களை மட்டும் கழற்றுங்கள், அதுதான் என் மாடிச் சேர்வரின் நிலை. கழற்றப்பட்டது தானாக ரீபூட் ஆக வேண்டும், அதன் பிறகே மற்றது இயந்திரங்களைத் தொடங்க வேண்டும். அந்த வரிசை தவறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு மின்வயர். பிறகு சுவிட்ச்சின் மின்வயர்; இதில் ஒன்றும் ரீபூட் ஆகக்கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள்: விழுந்ததிலிருந்து மற்றப் பக்கத்தில் தொடங்கும் வரை சுமார் 2 நிமிடம் ஆகும், அதன் பிறகு விண்டோஸ் எழும்பும் நேரம் வேறு. எச்.ஏ. போட்டால் ஒரு செக்கனும் நிற்காது என்று பணிப்பாளருக்கு யாராவது சொல்லியிருந்தால், இந்தச் சோதனைக்கு அவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். திரும்பி வந்த சேர்வருக்கு இயந்திரங்கள் தாமாகத் திரும்பிப் போகாதபடியும் அமைத்துவிடுங்கள். ஏன் விழுந்தது என்று தெரியாத ஒன்றிடம் மறுபடி அவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாக்கு வந்து சேரும் வரை, இன்றைக்கே எல்லா இயந்திரங்களையும் எச்.ஏ. பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போதைய நிலையில் எது விழுந்தாலும் இரண்டும் விழும். எடுத்துவிட்டால் ஒன்று விழும்போது மற்றது தன் இயந்திரங்களோடு ஓடிக்கொண்டாவது இருக்கும். இடையில் உண்மையாகவே ஒன்று விழுந்து, கையால் மாற்ற வேண்டி வந்தால், திரையில் இருக்கும் சிவப்புக் குறியை நம்ப வேண்டாம். அந்தச் சேர்வர் இருக்கும் அறைக்குப் போங்கள். அது ஓடாவிட்டாலும் அதன் மின்வயர்கள் இரண்டையும் உங்கள் கையால் கழற்றி, தரையில் தெரியும்படி போடுங்கள். அதற்குப் பிறகு வந்து மற்றதற்கு ஒரு வாக்கே போதும் என்ற கட்டளையைக் கொடுங்கள்.